நேர்ச்சை முடியோடு பதின்மூன்று மணி நேரம்

1

போன வாரம் ஒரு போட்டோ வந்தது. மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, மகனோடு காரில் காத்துக்கிடந்த நேரம். அந்தப் போட்டோவைப் பார்த்ததும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கூத்து மொத்தமும் திரும்ப நினைவுக்கு வந்துவிட்டது. அதை இதுவரை ஊரில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் முதலில் திட்டு வாங்குவது நான்தான்.

கனடாவிலிருந்து சங்கரன்கோவிலுக்கு நேர்வழி என்று ஒன்று கிடையாது. டொரான்டோவில் ஏறி, ஒரு வளைகுடா நகரத்தில் இறங்கி, அங்கிருந்து திருவனந்தபுரம் போய், பிறகு காரில் மலையிறங்கி செங்கோட்டை, தென்காசி என்று வந்து சேர வேண்டும். எந்த வளைகுடா நகரம் என்று எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, போகப் போகத் தெரியும். காலை ஆறு மணிக்கு அங்கே இறங்கினால் மாலை ஏழு மணிக்குத்தான் அடுத்த விமானம். பதின்மூன்று மணி நேரம். நான், மனைவி கோமதி, எட்டு வயது உமா, நாலு வயது கதிர். அப்புறம் கதிரின் முடி. அந்த முடியை ஐந்தாவது ஆளாகத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கதிர் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தான். நான் மருத்துவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். கோமதி யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்தால் முதல் முடி சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு என்று நேர்ந்துகொண்டாள். அம்மன் பேரும் இவள் பேரும் ஒன்று, அதனால் பேச்சு வார்த்தை சுலபமாக முடிந்துவிட்டது போலிருக்கிறது. அதுவரைக்கும் அவன் தலையில் கத்திரி படக் கூடாது.

ஒரு வயதில் ஊருக்குப் போவதாகத்தான் பேச்சு. என் குடியேற்றக் காகிதங்கள் ஒரு அலுவலகத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. முதல் வருஷம் ஒரு படிவத்தில் தேதி தப்பு என்றார்கள். இரண்டாம் வருஷம் படிவமே மாறிவிட்டது என்றார்கள். மூன்றாம் வருஷம் பதிலே இல்லை. காகிதம் வளரவில்லை, பையனின் முடி வளர்ந்தது. நாலு வயதில் இடுப்பைத் தொடும் ஜடை. பூங்காவில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன அழகான பெண்குழந்தை என்பார்கள். நான் முதலில் திருத்தினேன், பிறகு நன்றி சொல்லிவிட்டு நடக்கப் பழகினேன். தினமும் காலையில் அந்தச் சிக்கெடுக்கும் அலறலைக் கேட்டு எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அந்த முடியைக் கண்டாலே ஆகாது.

2

விமான நிலையத்திலேயே இருந்துவிடலாம் என்றுதான் கோமதி சொன்னாள். குழந்தைகள் விளையாட இடமிருந்தது, குளிர்சாதனம் இருந்தது, கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

இது என் அப்பாவிடமிருந்து வந்த வியாதி. மதுரைக்குப் போகும்போது ராஜபாளையத்தில் பஸ் மாறினால், அடுத்த பஸ் வர அரை மணி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், எங்களைக் கிளப்பிவிடுவார். வந்த ஊரைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவன் சோம்பேறி என்பது அவர் கட்சி. ஏதாவது ஒரு தெருவைக் காட்டி, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது பஸ் போயிருக்கும். அம்மா வழியெல்லாம் பேசாமல் வருவாள். அம்மாவின் அந்த மௌனத்தை நான் பாடமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவின் நடையை எடுத்துக்கொண்டேன்.

3

குடியேற்றப் பிரிவில் முக்கால் மணி நேர வரிசை. வரிசையில் நிற்கும்போது கதிர் சூயிங்கம் கேட்டான். விமானத்தில் காது அடைக்காமல் இருக்க உமாவுக்கு வாங்கியது அது. அவன் முழுங்கிவிடுவான் என்று கொடுக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் உண்டா என்று தரையில் உட்கார்ந்துகொண்டான். இழுத்துக்கொண்டே கவுண்டருக்குப் போனோம்.

அந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். கதிரின் பாஸ்போர்ட் போட்டோ ஐந்தாம் மாதத்தில் எடுத்தது. தேங்காய்க்குக் குடுமி வைத்ததுபோல் நாலு முடிதான் அதில் இருக்கும். பாலினம் ஆண் என்று போட்டிருக்கிறது. எதிரே நிற்பது ஜடையும் ரப்பர் பேண்டுமாக ஒரு குழந்தை. பெற்றவர்கள் இரண்டு பேரும் இந்தியப் பாஸ்போர்ட், பிள்ளைகள் கனடா பாஸ்போர்ட். எனக்குக் கடைசிப் பேர் என் அப்பா பேர், கோமதிக்கு அவள் அப்பா பேர், பிள்ளைகளுக்கு என் பேர். நாலு பேருக்கு மூன்று குடும்பப் பெயர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

நான் நேர்த்திக்கடனை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். இதைப் போல வீணான வேலை உலகத்தில் கிடையாது. அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, குனிந்து, கதிரிடம் மெதுவாகக் கேட்டார். இவர் யார்?

கதிர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சூயிங்கம் அவன் மனசை விட்டுப் போகவில்லை.

எனக்கு இவரைத் தெரியாது என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னான்.

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். இருந்தது. நேராகத் திருவனந்தபுரத்துக்குப் போகும் பெட்டியில், கோமதியின் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. உமாவிடம் விசாரித்தார்கள். அவன் தம்பிதான், என்ன செய்வது என்று பெரிய மனுஷி மாதிரி தோளைக் குலுக்கினாள். கடைசியில் கோமதி போனை எடுத்து மாதா மாதம் எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். முடியே இல்லாத தலை, புல் முளைத்த தலை, காதை மூடிய முடி, தோளைத் தொட்ட முடி. அந்த அதிகாரி கடைசிப் போட்டோ வரைக்கும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சிரித்து முத்திரை குத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் என்று நிரூபிக்க நாற்பது நிமிஷம் ஆயிற்றே என்று ரத்தம் கொதித்தது. வெளியே வந்ததும் கதிரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பது அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், தமிழில் திட்டினேன்.

4

வெள்ளிக்கிழமை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அந்த ஊரில் தொழுகை முடியும்வரை எதுவும் திறப்பதில்லை. அருங்காட்சியகம் மதியத்துக்கு மேல்தான். பழைய கடைவீதிக்குப் போனால் ஷட்டர்களைப் பார்க்கலாம், புறாக்களைப் பார்க்கலாம். ஜூலை மாத வெயில். நம்மூர் வெயில் தெரியாதா எனக்கு என்று நினைத்துப் போனவன்தான். நம்மூரில் ஆடி மாசம் குற்றாலத்துக் காத்தாவது வரும். அங்கே காத்து அடித்தால் இன்னும் மோசம்.

கடற்கரையில் மரப்படகுகள் நின்றன. பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது என்றேன். உமா ஏர்போர்ட்டில் சறுக்குமரம் இருந்தது என்றாள். கதிருக்கு ஒண்ணுக்கு வந்தது. கழிப்பறை தேடி ஒரு மைல் நடந்தோம். கண்டுபிடித்ததும் இப்போது வரவில்லை என்றான். கோமதி அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பஸ்ஸைத் தவற விட்டு உட்கார்ந்திருந்த அதே உட்கார்வு.

கடைசியில் டாக்ஸி பிடித்து ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போகச் சொன்னேன். குளிர்ந்த காத்து பட்டதும் பின்சீட்டில் மூவரும் தூங்கிவிட்டார்கள். உமா வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். அவள் மடியில் கதிர் தலை வைத்திருந்தான். காலையிலிருந்து மென்றுகொண்டிருந்த சூயிங்கம் அவள் வாயிலிருந்து வழுக்கி, நேராகத் தம்பியின் தலையில் விழுந்திருக்கிறது. அவன் புரண்டு புரண்டு படுத்து அதை ஜடைக்கு மேலே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வேர்வரைக்கும் தேய்த்துவிட்டிருந்தான்.

இறங்கும்போதுதான் கோமதி பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. தண்ணீர் விட்டுத் தேய்த்தாள், இன்னும் பரவிற்று. உமா அழ ஆரம்பித்தாள். கொஞ்சம் வெட்டி எடுத்துவிடலாம், ஒரு கொத்துதானே என்று நான் சொன்னேன்.

“கத்திரி பட்டுச்சுன்னா நான் ஊருக்கு வரல. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நீங்க போங்க” என்றாள்.

சத்தமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது.

5

நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சோப்புப் போட்டுக் கழுவிப் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி, அவளையும் உமாவையும் ஒரு ஜூஸ் கடையில் உட்காரவைத்துவிட்டு, கதிரைத் தூக்கிக்கொண்டு பின்தெருவில் ஒரு சலூனுக்குள் நுழைந்தேன். ஒரு கொத்தை நறுக்கிவிட்டு, கழுவினதில் போய்விட்டது என்று சொல்லிவிடுவது என் திட்டம். முதல் முடி என்றால் எல்லா முடியுமா? அம்மன் என்ன எண்ணியா பார்க்கப் போகிறாள்? காலையிலிருந்து பட்டதில் எனக்குப் பக்தியும் இல்லை, பயமும் இல்லை, எரிச்சல் மட்டும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மதியம், தொழிலாளிகளுக்கு விடுமுறை, சலூனில் நல்ல கூட்டம். ஒல்லியாக, முப்பது வயதுக்குள் ஒருவர் எங்களை நாற்காலிக்குக் கூப்பிட்டார். இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக இந்த இடத்தை மட்டும் வெட்டுங்கள் என்றேன். அவர் கத்திரியை எடுத்தார். கதிர் தலையை ஆட்டினான்.

“ஏலே, ஆடாம இருல. காதுல பட்டுறப் போவுது” என்று அதட்டினேன்.

கத்திரி நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

சங்கரன்கோவில் என்றேன். அவருக்கு மேலநீலிதநல்லூர் பக்கம். சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். வேறு சமயமாக இருந்தால் நான் கட்டிப்பிடித்திருப்பேன். அன்றைக்கு, சீக்கிரம் வெட்டுங்க தம்பி, விமானத்துக்கு நேரமாச்சு என்றுதான் சொன்னேன்.

அவர் கதிரின் ஜடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். நுனியில் கோமதி கட்டியிருந்த மஞ்சள் நூலைப் பார்த்தார்.

“இது நேர்ச்ச முடியால்லா இருக்கு. யாருக்கு, நம்ம அம்மனுக்கா?”

ஆமாம் என்றேன். கத்திரியை மேஜையில் வைத்துவிட்டார்.

“அப்பம் நான் வெட்ட மாட்டேன் அண்ணாச்சி. கோவிச்சிக்கிடாதிய.”

எனக்குக் கோபம்தான் வந்தது. முடி வெட்டுகிற கடையில் முடி வெட்ட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு கடை பார்க்கிறேன் என்று பையனைத் தூக்கப் போனேன். உட்காருங்க, எடுத்துத் தாரேன் என்றார். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டம்ளர் ஐஸ் வாங்கி வந்தார். ஐஸை அந்த இடத்தில் வைத்து வைத்து சூயிங்கத்தை இறுக வைத்தார். பிறகு தேங்காய் எண்ணெய், அப்புறம் மெல்லிசான சீப்பு. ஒவ்வொரு முடியாக எடுக்க ஆரம்பித்தார். கதிரிடம் போனைக் கொடுத்து ஏதோ பொம்மைப் படம் போட்டுவிட்டார். காத்திருந்த ஆட்கள் முணுமுணுத்தார்கள். கல்லாவிலிருந்த ஆள் இரண்டு தரம் சத்தம் போட்டான். இவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர் பேரை மாடசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆடு மேய்க்கிற குடும்பம். ஊரில் இருந்தவரை ஆட்டுக்குத் தவிர யாருக்கும் மயிர் கத்தரித்ததில்லை என்றார். கடை கூட்டுகிற வேலைக்குத்தான் வந்திருக்கிறார். பார்த்துப் பார்த்துத் தொழில் படித்துக்கொண்டார். ஊரில் இது தெரியாது.

“சூப்பர் மார்க்கெட்டுன்னு சொல்லிருக்கேன். தெரிஞ்சா எங்க அய்யா தூக்குல தொங்கிருவாரு” என்று சாதாரணமாகச் சொன்னார்.

கையில் சீப்போடு, முழங்கையால் மேஜையிலிருந்த இன்னொரு போனை என் பக்கம் தள்ளினார். முகப்பில் ஒரு குழந்தை, இரட்டை ஜடை, மூன்று சக்கர சைக்கிள். மகளா என்று கேட்டேன். நான், நாலு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பல்லைக் கடித்தவன், அதே கேள்வியைக் கேட்டேன்.

“பய. மூணு வயசு முடிஞ்சிட்டு. அவன் முடியும் அம்மனுக்குத்தான் கெடக்கு.”

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். லீவு இரண்டு தரம் தள்ளிப்போய்விட்டது. வீட்டில் அவர் மனைவி, மாமனாரை வைத்து எடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாலர் பள்ளியிலும் முடியை வெட்டச் சொல்லிச் சடைக்கிறார்கள். இவர்தான், நான் வராமல் எடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

“தெனம் நாப்பது தலைக்கு வெட்டுதேன். எங்க பய தல மட்டும் அப்படியே நிக்கி.”

நான் போனை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

அப்போதுதான் வாசலில் கோமதி வந்து நின்றாள். தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், மேஜைமேல் கிடந்த கத்திரியைப் பார்த்தாள். நான் எழுந்தேன். பேசினது மாடசாமிதான்.

“பயப்படாதிய மதினி. கத்திரி படல.”

அவள் அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். முடி பிழைத்ததற்கு அழுதாளா, நான் செய்ததற்கு அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முழுசாக எடுத்துவிட்டார். எவ்வளவு பார்த்தும் ஏழெட்டு முடி சூயிங்கத்தோடு வந்துவிட்டது. அதைக் குப்பையில் போடாமல் ஒரு டிஷ்யூ காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

“மொட்ட எடுக்கும்போது இதையும் சேத்துப் போட்டுருங்க. ஒண்ணுகூட வெளிய விழல பாத்துக்கிடுங்க.” பிறகு, “எடுத்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க” என்று சொல்லி நம்பர் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

6

விமானத்தைப் பிடித்தோம். எப்படிப் பிடித்தோம் என்பதை எழுதினால் எனக்கு மறுபடியும் மூச்சு வாங்கும். கோமதி திருவனந்தபுரம் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செங்கோட்டை தாண்டின பிறகு, அந்தக் காகிதம் இருக்கா என்று கேட்டாள். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன்.

கோயிலில் மொட்டை எடுக்கிற இடத்தில் நல்ல கூட்டம், ஆடித் தபசுத் திருவிழா நெருங்குகிற சமயம். முதல் கத்தி பட்டதும் கதிர் ஊரே கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் கத்தினான். சுற்றியிருந்தவர்கள், வெளிநாட்டுப் பிள்ளையா என்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் பெரியப்பா, தமிழ் சொல்லிக் கொடுக்கவில்லையா என்று சரியாக அந்த நேரம் பார்த்துக் கேட்டார். நான் காகிதத்தைப் பிரித்து, சூயிங்கத்தோடு அந்த ஏழெட்டு முடியையும் கீழே கிடந்த குவியலில் போட்டேன். முடி எடுத்தவர் இது என்ன என்று கேட்டார். இவன் முடிதான் என்றேன். சந்தனம் பூசின தலையைப் படமெடுத்து அன்றைக்கே மாடசாமிக்கு அனுப்பினேன். கைகூப்பின படம் ஒன்று பதிலாக வந்தது.

திரும்பி வரும்போது அதே விமான நிலையம், இரண்டு மணி நேரம்தான் இடைவெளி. வெளியே போக நினைத்தாலும் வழி இல்லை. கனடாவில் இறங்கியதும் அங்கே உள்ள அதிகாரி கதிரின் பாஸ்போர்ட்டைத் திறந்தார், மொட்டைத் தலையைப் பார்த்தார், அடுத்த நிமிஷம் அனுப்பிவிட்டார். ஐந்து மாதக் குழந்தையின் போட்டோவுக்கு அவன் அப்போதுதான் ஒத்துப்போனான். எனக்கு அதிலும் எரிச்சல்தான் வந்தது.

பிறகு பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து என்று மாடசாமியோடு பழக்கம் ஓடியது. லீவு கிடைத்ததா என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மூன்றாம் தரமும் தள்ளிப்போய்விட்டது என்று எழுதிய பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

7

போன வாரம் வந்த போட்டோ அவர் அனுப்பியதுதான். கோயிலில் அதே இடம், அதே சுவர். நடுவில் பாதி மொட்டையாக ஒரு பையன், ஐந்து வயது முடிந்திருக்கும். அவன் முன்னால் குத்துக்காலிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, கையில் சவரக்கத்தியோடு மாடசாமி. பின்னால் உறவுக்காரர்கள் நிற்கிறார்கள், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. ஓரத்தில் ஒரு வயசாளி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். அதுதான் அவர் அய்யாவாக இருக்க வேண்டும்.

போட்டோவுக்குக் கீழே குரல் பதிவு ஒன்று இருந்தது. காரில் வைத்தே போட்டேன். பின்சீட்டில் இருந்த கதிர், யார் இது என்று ஆங்கிலத்தில் கேட்டான். உன் முடியைக் காப்பாற்றினவர் என்றேன். அவனுக்கு நினைவில்லை.

இதை எழுதலாமா என்று அன்றைக்கு மாலையே மாடசாமியிடம் கேட்டேன். எழுதுங்க, இனி ஒளிக்க என்ன இருக்கு, வேலை பாக்குற ஊர் பேரு மட்டும் வேண்டாம், திரும்ப அந்தக் கடைக்குத்தான் போகணும் என்றார். அதனால் அந்தக் குரல் பதிவில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“நானே எடுத்துட்டேன் அண்ணாச்சி. எல்லாரும் பாத்துட்டாவ, போவட்டும். பய அழவே இல்ல. கத்தி போற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். ஒரு வெட்டுக் காயம் இல்ல. பொறவு தண்ணி ஊத்தி, சந்தனம் பூசி, தூக்கப் போனேன். அவங்க அம்மைகிட்ட ஓடிட்டான். அவகிட்ட கேட்டானாம், இந்த மாமா எப்பம் அவங்க ஊருக்குப் போவாருன்னு.”